காரிலே கீரைப்பாத்தி!

கார் வைத்திருப்பவர்கள் எல்லோருமா ஷெட் வைத்திருக்கிறார்கள்? சேமித்துச் சேமித்து, போதாததற்குப் பாங்கியில் கடனும் வாங்கி, வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் கை காய்ந்துவிடுகிறது. அப்புறம் ஷெட்டுக்கு எங்கே போவது? வேப்பமரத்தடியோ, மதில் ஓரமோ, அதுதான் ஷெட். கோடை முழுவதும், "ஆகா, நல்ல நிழல்!" என்று மகிழ்ந்துகொண்டிருப்போம். ஐப்பசி அடைமழை பத்து நாள் கொட்டித் தீர்த்த பிறகு பார்த்தால், ஜன்னல் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் பச்சைக் கோடு! பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "என்ன சார், காரிலேயே கீரைப்பாத்தி போட்டுட்டீங்க போலிருக்கே!" என்று கேட்டுவிட்டுப் போவார்.

"பூசணம் பிடித்துவிட்டது" என்று நாம் சொல்கிறோம். ஆனால் வண்டியின் வெளிப்புறத்தில் பச்சையாகப் படர்வது பெரும்பாலும் பூசணம் அல்ல, பாசி. குளத்துப் படிக்கட்டில் வழுக்குகிறதே, அதற்கு உறவு. வெளிச்சமும் ஈரமும் இருந்தால் தன் சாப்பாட்டைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூசணத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மற்றவர்கள் வைத்ததைத்தான் தின்னும். ஆகவே அது காருக்குள் புகுந்து, ஸீட்டில் ஊறிய வியர்வை, குழந்தை சிந்திய பிஸ்கட் தூள் இவற்றின்மேல் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பூக்கிறது. வெளியே பாசி, உள்ளே பூசணம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆனால் இரண்டையும் அழைத்துவரும் ஆசாமி ஒருவர்தான்: வண்டியில் தங்கிவிட்ட ஈரம்.

பாசி எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்துதான். 2001-ஆம் ஆண்டு கேரளத்தில் சிவப்பு மழை பெய்து ஜனங்கள் திகைத்துப் போனார்கள் அல்லவா? அதை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மழை நீரில் இருந்தது டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துத் துகள் என்று தெரிவித்தார்கள். அது பச்சைப் பாசிக் குலத்தில் பிறந்ததுதான். நிறம் மட்டும் செம்மஞ்சள். மழையையே சிவக்க வைக்கும் அளவுக்கு ஆகாயத்தில் மிதக்கிறவர்களுக்கு, நம் வீட்டுக் காரின் ரப்பர் இடுக்கில் வந்து உட்காருவது ஒரு கஷ்டமா? வருவதை நாம் தடுக்க முடியாது. தங்குவதைத் தடுக்கலாம்.

தங்குவதற்கு அதற்கு வேண்டியவை ஈரம், நிழல், கொஞ்சம் தூசி. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று, வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு. அந்தப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாசிக்குக் கொண்டாட்டம். சென்னையிலும் கடற்கரை ஜில்லாக்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வண்டியின் வடக்குப் பக்கம் உலர நேரமாகிறது. அந்தப் பக்கத்தில் மதிலும் இருந்துவிட்டால் கேட்பானேன்!

"போகட்டும், பச்சைதானே, அழகாக இருக்கிறது" என்று விட்டுவிடலாமா? கூடாது. பாசி பெயின்ட்டைத் தின்னாது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் எங்கே வடியாமல் நிற்கிறது என்பதை அது அடையாளம் காட்டுகிறது. இங்கிலாந்தில் 1953 முதல் 1971 வரை மாரிஸ் மைனர் டிராவலர் என்று ஒரு வண்டி தயாராயிற்று. அதன் பின்பாதியைத் தாங்குவது மரச்சட்டம். அந்த ஊர் ஈரத்தில் அதன் ஜன்னல் இடுக்கில் பாசி முளைப்பது வேடிக்கைப் பேச்சாகவே இருந்தது. வேடிக்கை இல்லாத பகுதி என்னவென்றால், சட்டம் உளுத்துவிட்டால் வண்டியின் பலமே போய்விடும். நம் வண்டியில் மரம் இல்லை, தகரம் இருக்கிறது. மரம் உளுக்கும், தகரம் துருப்பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பாசியைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். துருவுக்கு டிங்கர் வேலை, பெயின்ட் வேலை என்று பர்ஸையே திறந்து வைக்க வேண்டும்.

முதலில் துடைப்போம். வெயிலில் காய்ந்து கொதிக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ நிறையத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் ஊற விடுங்கள். பாசியோடு மண்ணும் ஒட்டியிருக்கும். உலர்ந்தபடி தேய்த்தால் அந்த மண்ணே பெயின்ட்டைக் கீறிவிடும். பிறகு கார் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து மெத்தென்ற துணியால் துடையுங்கள். ரப்பர் பீடிங், கண்ணாடி ஓரம், நம்பர் பிளேட் இடுக்கு இவற்றுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைப் போல உத்தமமான கருவி வேறில்லை. ரப்பரில் பிடிவாதமாக நிற்கும் பச்சைக்கு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, இரண்டொரு நிமிஷத்தில் கழுவிவிடலாம்.

தேங்காய் நார், கத்தி முனை, பாத்திரம் தேய்க்கும் பவுடர், மண்ணெண்ணெய் இவை ஒன்றும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அது பெயின்ட்டையும் உலோகத்தையும் கெடுக்கும். அதோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று கிளம்பும். பாசி போனாலும் ஆளுக்கு ஆபத்து!

துடைத்தாயிற்று. இனிமேல்தான் முக்கியமான வேலை. பானெட்டைத் திறந்து, முன் கண்ணாடியின் அடியில் வைப்பர் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். வேப்பிலையும் பூவும் மக்கிக் கிடக்கும். அங்கே உள்ள வடிகால் அடைபட்டால் மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். கால்மிதியின் கீழே இருக்கும் விரிப்பு நனையும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் மின்சார ஒயர்கள் அந்த விரிப்பின் அடியில்தான் ஓடுகின்றன. கதவுகளின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். அவற்றை ஒரு ஈர்க்குச்சியால் மெதுவாகக் குத்திவிட்டால் தேங்கிய தண்ணீர் சொட்டும். கூரையில் கண்ணாடிக் கதவு உள்ள வண்டியானால், அதன் நான்கு மூலை வடிகால்களையும் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

உள்ளே பூசணம் பூத்திருந்தால் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். அதன் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பரம விரோதி. எல்லாக் கதவுகளையும் திறந்து வெயிலில் காய வைத்து, பிறகு துடையுங்கள். ஸீட் பெல்ட்டுக்கு மிதமான சோப்புத் தண்ணீர் தவிர வேறொன்றும் ஆகாது. பிளீச் பட்டால் நூல் பலம் குறைந்துவிடும். உயிரைப் பிடித்து நிறுத்துகிற வார் அல்லவா அது? நனைந்த பெல்ட்டை வெளியே இழுத்துவிட்டு நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே சுருள விடவேண்டும்.

வராமல் காப்பதற்குச் செலவு அதிகமில்லை. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாக்ஸ் பாலிஷ் போட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். ஈர வண்டியின்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்துவது, குளித்த குழந்தையைத் துவட்டாமல் ரப்பர் துணியில் சுற்றுவது போல. வண்டி காய்ந்த பிறகு, காற்று புகும் துணிக் கவராகப் போடுங்கள். மாமனார் வந்தால்தான் வண்டி எடுப்பேன் என்று இராமல் வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். நிறுத்தும்போது சில நாள் முகத்தைத் திருப்பி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி வெயில் காணும்.

சென்னைவாசிகள் செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், வால்பாறைக்காரர்கள் மே மாதத்தில் ஒன்றும் இதற்கென்று ஒதுக்கட்டும். வீட்டிலுள்ள பையன்களிடம் ஈர்க்குச்சியையும் பழைய பிரஷ்ஷையும் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் பொழுது போகும். பக்கத்து வீட்டுக்காரர்தான் பாவம், வேறு ஏதாவது கேலி தேட வேண்டியிருக்கும்!