போறதுக்கு பஸ்... திரும்பி வர?

பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கிளம்பி, அந்தக் காசுல கோயில் கட்டினாரே மாணிக்கவாசகர், அவர் பிறந்த திருவாதவூர்தான் நமக்கும். வண்டி வாகன விஷயத்துல எங்க ஊருக்கு அப்பவே ராசி இல்ல போல!

எங்க பெரியப்பாவுக்கு வாரம் ரெண்டு தடவை மதுரையில டயாலிசிஸ். போறப்ப பஸ்ல போயிடுவார். திரும்பறப்பதான் பாடு. நாலு மணி நேரம் மிஷின்ல படுத்து எந்திரிச்சா பிரஷர் இறங்கித் தலை கிறுகிறுக்கும். ஊசி குத்தின இடத்துல ரத்தம் நிக்கிற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். அப்புறம் பஸ்ல கம்பியைப் பிடிச்சுட்டு நிக்க முடியுமா? ஆட்டோதான். காப்பீட்டுல சிகிச்சைக்குக் காசு இல்ல. ஆட்டோக்காரருக்குக் காப்பீட்டு அட்டையையா நீட்ட முடியும்?

108 இருக்கேம்பீங்க. 2008 செப்டம்பர்ல நம்ம மாநிலத்துல ஆரம்பிச்ச அந்த சர்வீஸ் அவசரத்துக்கு. பிரசவமான அம்மாவையும் பாப்பாவையும் வீட்டுல கொண்டுபோய் விட 102. பெரியப்பா ரெண்டு கணக்குலயும் வரமாட்டார். பிரிட்டன்ல அரசு மருத்துவத் துறையே, அவசரமில்லாத, ஆனா தானா போய் வர முடியாத நோயாளிகளுக்குன்னு தனி வண்டி விடுது.

போன மாசம் வெளியில காத்திருந்தப்ப விசாரிச்சேன். திருமோகூர்ல இருந்து ஒரு தாத்தா, ஒத்தக்கடையில இருந்து ஒரு அக்கா. மூணு பேரும் ஒரே ரோடு, அதே ரெண்டு நாள். ஆனா காலையில ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர். மூணு ஆட்டோ!

ஆபரேஷன்ஸ் ரிசர்ச்ல 'டயல்-எ-ரைடு'ன்னே ஒரு கணக்கு இருக்கு. யாரை எங்க ஏத்தி, எந்த வரிசையில இறக்கறதுங்கறதுதான் மேட்டர். வண்டியைத் தேடறதுக்கு முன்னாடி நேரத்தைச் சேர்த்தா பாதி வேலை முடிஞ்சுது. நோட்டுல பேருக்குப் பக்கத்துல ஊரும் இருக்கு. அதைப் பார்த்து ஷிஃப்ட் போட்டா என்ன? பெரிய இஞ்சினியர் மாதிரி டெக்னீஷியன் அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன்.

அவர் சிரிச்சார். "தம்பி, ஹெபடைடிஸ் பி இருக்கறவங்களுக்குத் தனி மிஷின். அதை மாத்திப் போட முடியாது. ஒருத்தரை நகர்த்தினா, அந்த இடத்துல இருந்தவர் வேலைக்குப் போறது கெட்டுடும்." என் அல்காரிதம் அங்கயே படுத்துருச்சு.

ஆனாலும் மனுஷன் நோட்டைப் புரட்டினார். அடுத்த வாரமே தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே காலை ஷிஃப்ட். இப்போ ஒரு ஆட்டோ, பாதிப் பாதி வாடகை. யாருக்கு ரத்தம் முதல்ல நிக்குதோ அவர் இன்னொருத்தருக்காகக் காத்திருக்கார்.

அந்த அக்கா மட்டும் இன்னும் சாயங்காலம்தான். காலையில அவங்க பையனை ஸ்கூலுக்கு அனுப்பணுமாம். என் கணக்குல அந்தப் பையனைச் சேர்க்கவே இல்ல.