ஏழாவதோட வண்டிய ஓரங்கட்டியிருக்கலாம்

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வரிசையில எது பெஸ்ட்டுன்னு கேட்டா, ரியோ டி ஜெனீரோ ரோட்டுல பெட்டகத்தைக் கயிறு கட்டி இழுத்துட்டு ஓடுற அஞ்சாவது பாகம்தான் (2011) அப்படின்னு ஒரு கோஷ்டி கெளம்பும். நான் ஏழாவது கட்சி. 2015 ஏப்ரல்ல வந்த 'ஃபியூரியஸ் 7'. அதுக்காகக் குறையே இல்லாத படம்னு நெனச்சுடாதீங்க மக்களே, பாதிப் படம் சுத்த அக்கிரமம்!

முதல்ல ஒரு ஃபிளாஷ்பேக். 2001ல வந்த முதல் படம், நியூயார்க் தெரு ரேஸ் பசங்களைப் பத்தி ஒரு பத்திரிகையில வந்த கட்டுரையிலிருந்து முளைச்சது. கதைன்னு பெருசா ஒண்ணுமில்லை. லாரியில போற டிவிடி பிளேயருங்களை ஓட்டத்துலயே திருடுறானுங்க, ஒரு போலீஸ்காரன் வேஷம் போட்டுக் கூட்டத்துல நுழையறான். அவ்ளோதான். ஆனா அதுல ரெண்டு இடம் எனக்கு இன்னிக்கும் மறக்கல. ஒண்ணு, திருட வந்தவன் ஓடுற லாரியில தொங்கிக்கிட்டு இருக்கறப்ப டிரைவர் துப்பாக்கியெடுத்து சுடுறது. ரெண்டாவது, கடைசி ரேஸ். ரயிலுக்கு முன்னாடி பாஞ்சு தப்பிச்ச டாமினிக், அடுத்த நிமிஷமே ஒரு லாரியில மோதித் தூக்கி வீசப்படுறான். வெளிய வர்றப்ப கை தொங்குது, நொண்டுறான். அந்தப் படத்துல வேகத்துக்கு ஒரு பில்லு வருது. யாராவது கட்டித்தான் ஆகணும்.

ஏழாவதுல பில்லே கிடையாது. ஹீரோவும் வில்லனும் ஆளுக்கொரு கார்ல நேருக்கு நேரா வந்து முட்டுறாங்க. ரெண்டு பேரும் சட்டையை உதறிட்டு இறங்கி சண்டை போடுறாங்க! அபுதாபியில ஒரு டவர்லேர்ந்து இன்னொரு டவருக்கு கார் பறக்குது. மலை உச்சியிலேர்ந்து சரியற பஸ் மேலயே பால் வாக்கர் ஓடி வந்து தப்பிக்கிறார். விமானத்துலேர்ந்து பாராசூட்ல காருங்க குதிக்கிற சீனை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நிஜமாவே காரை வானத்துலேர்ந்து தள்ளி விட்டு, கேமரா கட்டின ஆளுங்களும் கூடவே குதிச்சு எடுத்திருக்காங்க. அந்த உழைப்புக்கு ஒரு சல்யூட்.

உடனே ஒருத்தர் வருவார். "ஏன்யா, நம்ம படத்துல டாட்டா சுமோ பறக்கறப்ப விசில் அடிச்சியே, அப்ப எங்க போச்சு உன் லாஜிக்?" நியாயம்தான். சுமோ எவ்ளோ வேணா பறக்கட்டும். எனக்கு ஃபிசிக்ஸ் பிரச்சினை இல்லை சாமி, சாவுதான் பிரச்சினை.

ஏன்னா இந்தப் படம் பாதி எடுத்துக்கிட்டு இருக்கறப்பவே பால் வாக்கர் செத்துட்டார். 2013 நவம்பர் 30. வயசு 40. ஷூட்டிங்ல இல்லை, லீவுல. நண்பர் ஓட்டின போர்ஷே கார்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தார். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம்தான் போகலாம்னு போர்டு வச்ச ரோட்டுல, கார் 130லேர்ந்து 150 கிலோமீட்டர் வேகத்துல போயிருக்குன்னு போலீஸ் அறிக்கை சொல்லிச்சு. டயருங்களுக்கு ஒம்போது வயசுக்கு மேல ஆகியிருந்துச்சு. சினிமாவுல எத்தனையோ காரை உருட்டின மனுஷன், ஸ்டீயரிங்கைக்கூடப் பிடிக்காம போய்ச் சேர்ந்துட்டார்.

இங்க ஒரு சொந்தக் கதை. ஆண்டிமடத்துலேர்ந்து ஜெயங்கொண்டம் ரோட்டுல ராத்திரி டூவீலர்ல போனவங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, கும்மிருட்டு, எதிர்ல ஹைபீம் போட்டு வர்ற லாரி. எங்க சித்தி பையன் ஒரு பால் வாக்கர் வெறியன். பெட்ரோல் டேங்க்ல அவர் படத்தை ஸ்டிக்கரா ஒட்டி வச்சிருந்தான். 2014 கார்த்திகை மாசம், கூட்டாளியோட ரேஸ் விட்டுக்கிட்டு வந்தவன், லைட் இல்லாம ஓரத்துல நின்ன டிராக்டர் டிரெய்லர்ல போய்ச் சொருகிட்டான். தொடையெலும்புல பிளேட்டு வச்சு, மாசக்கணக்குல கட்டில்ல கெடந்தான். படம் வந்ததும் அடம் பிடிச்சு, அணைக்கரை வழியா கும்பகோணத்துக்கு கார்ல கூட்டிட்டுப் போனேன். காலை நீட்டிக்க ஓரத்து சீட்டு. டவர் சீனுக்கு விசில் அடிச்சான். நேருக்கு நேர் முட்டி ரெண்டு பேரும் எறங்கி நடந்தாங்க பாருங்க, அப்ப மட்டும் என் காதுல, "அண்ணே, இவனுங்கல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலண்ணே பாக்குறானுங்க?" :-)

இப்ப கிளைமாக்ஸ். எடுக்காம விட்டுப்போன காட்சிகளுக்கு பால் வாக்கரோட தம்பிங்க ரெண்டு பேரையும் நடிக்க வச்சு, கம்ப்யூட்டர்ல அண்ணன் முகத்தை ஒட்டினாங்க. டைரக்டர் ஜேம்ஸ் வான் பேய்ப்படம் எடுத்துப் பேர் வாங்கினவர். மத்த இடத்துல எப்படியோ, இங்க நிதானமா இருந்தார். கதையில பிரையனை ஒரு விபத்துல கொன்னிருக்கலாம், தியேட்டரே அழுதிருக்கும். செய்யலை. குடும்பம் போதும்னு அவன் ஒதுங்கிக்கிறான். ரெண்டு காரும் கொஞ்ச தூரம் பக்கத்துப் பக்கத்துல போகுது. ரோடு பிரியுது, வெள்ளைக் கார் தனியா ஒரு பக்கம் போயிடுது. நெசம் என்னன்னு பாக்குற எல்லாருக்கும் தெரியும், படம் அதை வாய்விட்டுச் சொல்லலை. நூறு பேரு செத்தாலும் உறைக்காத படத்துல அந்த ஒரு நிமிஷம் மட்டும் சாவு சாவா இருந்துச்சு. என் ஓட்டு ஏழாவதுக்குன்னா அது இதுக்காகத்தான்.

திரும்பி வர்றப்ப அணைக்கரைகிட்ட தம்பி கேட்டான். "படத்துல அவன் சாகலதானே?" "சாகலடா"ன்னேன். அதுக்கப்புறம் ஊரு வர்ற வரைக்கும் வாயே தொறக்கலை.

அதோட விட்டானுங்களா? 2009ல செத்த லெட்டி 2013லயே திரும்பி வந்தாச்சு. 2006ல டோக்கியோவுல எரிஞ்சு போன ஹான் 2021ல வந்த ஒம்போதாவதுல சிப்ஸ் தின்னுக்கிட்டு வந்து நிக்கிறார். 2013ல விழுந்து செத்த ஜிசெல் 2023ல வந்த 'ஃபாஸ்ட் எக்ஸ்' கடைசியில நீர்மூழ்கிக் கப்பல்லேர்ந்து எட்டிப் பாக்குது! எல்லாரும் திரும்பி வர்ற ஊர்ல, திரும்பி வர முடியாத ஒருத்தரோட கணக்கு என்ன ஆகும்? ஒம்போதாவதுல பிரையன் வீட்டுல கொழந்தைங்களைப் பாத்துக்கிறானாம். கடைசி சீன்ல அவனோட நீலக் கார் வந்து வாசல்ல நிக்குது. ரசிகர்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்னுதான் வச்சிருப்பாங்க. எனக்கென்னவோ திவசம் நடக்கிற வீட்டு வாசல்ல செத்தவரோட செருப்பை யாரோ கழட்டிப் போடுற சத்தம் கேட்ட மாதிரி எரிச்சலா இருந்துச்சு. ஏழாவதுல அவனை உயிரோட விட்டது மரியாதை. இங்க அதையே ஒரு சீனா ஆக்கிட்டாங்க. விண்வெளிக்கு கார் போனதைக்கூட மன்னிச்சுட்டேன், இதை முடியலை.

பத்தாவதுக்கு தம்பியக் கூப்பிட்டேன். முந்திரிக்கொட்டை வேலை கெடக்கு, நீ வேணா போயிட்டு வாண்ணேன்னுட்டான்.

டிஸ்கி: முதல் படத்துல சுட்டாரே அந்த லாரி டிரைவர், அவருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எந்தப் பாகத்துலயும் சொன்ன மாதிரி தெரியலை. செத்தவனையெல்லாம் கூட்டிட்டு வர்றாங்க, அவரையும் ஒரு நடை கூப்பிடலாம்ல?