அடைமழையும் அரைப்பேரும்

இலங்கையின் பொருளாதாரத்துக்குத் தேயிலை இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். 2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோய்த்தொற்றை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோதும் தோட்டத் தொழில் நிறுத்தப்படவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்புத் தேயிலை ஏலம் இணையவழிக்கு மாற்றப்பட்டது. ஏலத்தில் பங்குகொண்டோர் ஓரிடத்திற் கூடாமலே விலை பேசினர். கொழுந்தை அவ்வாறு கொய்ய இயலாது. ஆகவே தொழிலாளர் மலையேறினர். தொழில் அத்தியாவசியமானதெனின், அதனைச் செய்வோர் உயிருக்கு ஊறின்றி வேலைத்தலத்தை அடைவதும் அத்தியாவசியமானதன்றோ? இவ்வினாவை எழுப்பாமலே தேயிலையின் பெருமை பேசுவது வெறுஞ் சடங்காகும்.

பனிப்புயல் வீசும் நாடுகளில் வீதியிற் குவிந்த பனியை அகற்றுவது ஆட்சியினரின் கடமையாகக் கருதப்படுகின்றது. மலையகத்திற் பனிப்புயல் இல்லை; நுவரெலியாவில் ஆண்டின் தொடக்க மாதங்களிற் புல்நுனியில் உறையும் பனியே உண்டு. ஆயின், தென்மேற்குப் பருவமழை உண்டு. ஹற்றனுக்கு அண்மையிலுள்ள வட்டவளை ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடமாகும். அம்மழையில், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, இடுப்பிற் படங்கைக் கட்டி, தலைக்கு மேல் ஒரு பொலித்தீன் துண்டைப் போர்த்திக்கொண்டு பெண் தொழிலாளி பிரட்டுக்குச் செல்கிறாள். அங்கிருந்து மலைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் வழுக்குப் பாறையும் சேற்றுப் படியும் அட்டை மலிந்த குறுக்குப் பாதையுமே. ஓடை பெருகினாற் சுற்றிச் செல்ல வேண்டும். பிந்தினால் கங்காணியின் ஏச்சு. கொழுந்தின் நிறை குறைந்தால் முழு நாட்சம்பளத்துக்குரிய பேர் கிடையாது, அரைப்பேரே. இலையில் ஒட்டிய மழைநீரின் கனத்துக்கென, கொய்த கொழுந்திலிருந்து சில கிலோ கழிக்கப்படுவதும் உண்டு. வானம் பொழிந்த நீரும் அவளது கணக்கிலேயே எழுதப்படுகின்றது!

இக்கணக்கு புதியதன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்ப் பகுதியிற் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். பிழைத்து வந்தோரின் வழிச்செலவோ அவர்கள் தலைமேற் கடனாய் ஏறிற்று. அக்கடனோடு தொழிலாளரைப் பிணைத்து வைத்த ‘துண்டு’ முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், வேலைக்கு வரும் வழியின் செலவும் ஆபத்தும் தொழிலாளிக்கே உரியவை என்னும் கொள்கை ஒழியவில்லை.

வரவுக் கொடுப்பனவின் வரலாறு இதற்குச் சான்று. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. வரவுக்கு 140 ரூபா. 2016இல் அவை முறையே 500, 60 என மாறின. 2019இல் அக்கொடுப்பனவு நீக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டமோ, நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்துவதோடு, வரவு ஊக்குவிப்பாக அரசு நாளொன்றுக்கு 200 ரூபா வழங்கும் எனவும் முன்மொழிந்தது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆயின், வருமானத்தின் ஒரு கூற்றை ‘வரவு’ எனப் பிரித்து வைப்பதன் விளைவு யாது? மண் சரியும் நாளில் அஞ்சி லயத்தில் தங்குபவள் அன்றைய பேரையும் இழக்கிறாள், ஊக்குவிப்பையும் இழக்கிறாள்.

கொழுந்து காத்திராது, உரிய நாளிற் கொய்யாவிடின் முற்றிவிடும் என்பர் நிர்வாகத்தினர். உண்மையே. ஆனால், முற்றிய கொழுந்தால் வருவது ஒரு சுற்றின் நட்டம். அதனை ஈடுசெய்ய அடுத்த சுற்று உண்டு. சரிவிற் புதைந்த உயிருக்கு அடுத்த சுற்று இல்லை. எவரையும் வற்புறுத்தி அழைக்கவில்லை என்பது அவர்களின் மற்றொரு வாதம். நாட்கூலியை நம்பி உலை வைக்கும் குடும்பத்துக்குப் பசியினும் பெரிய வற்புறுத்தல் வேறு வேண்டுமோ? அப்பசியின் கட்டாயத்தையே ‘கடமையுணர்வு’ எனப் போற்றி மகிழ்வோரும் உளர். பாராட்டுக்குப் பணம் வேண்டியதில்லை. பாலம் அமைக்கவே பணம் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இவ்வாதங்களின் பொய்ம்மையை வெளிப்படுத்தியது. நாடளாவிய நிலையில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்தது. அந்நாள்களில் வேலைக்கு வராதோர் யாவரும் சோம்பேறிகளா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பிரதேசத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கும் நாளில், அங்குள்ள தோட்டங்களில் மலைவேலை நிறுத்தப்பட்டு முழுப்பேர் வழங்கப்படல் வேண்டும். அவ்வெச்சரிக்கை உரிய வேளையில், தமிழில், பிரட்டுக்களத்தையும் லயத்தையும் எட்டுதல் வேண்டும். மலைப்பாதையும் ஓடைப்பாலமும் தேயிலைச் செடியைப் போன்றே தோட்டத்தின் சொத்தெனப் பேணப்படல் வேண்டும். இவற்றைச் சலுகையெனக் கேட்கும் வரை கிடைக்கமாட்டா. தொழிற்சங்கங்கள் இவற்றைச் சம்பளக் கோரிக்கையின் பகுதியாகவே முன்வைத்துப் போராடுதல் வேண்டும்.

தேயிலை இன்றியமையாதது என்போர், அதனைக் கொய்யும் கையும் அக்கையைச் சுமந்து மலையேறும் காலும் இன்றியமையாதவை என ஏற்றுக்கொள்ளட்டும். ஏற்காதவரை, அடைமழை நாளின் அரைப்பேர் தொழிலாளியின் குறையன்று. அது நாட்டின் கணக்கேட்டில் உள்ள பிழையே.