மாமியின் கட்டிலும் ஒரு கொப்பியும்



எழுந்து நடமாட முடியாத மாமி உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அல்லது 2009ல் முடிந்த போரில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த தம்பியா? சோறூட்டுவதையும் உடுப்பு மாற்றுவதையும்விடக் கந்தோர் கந்தோராக அலைவதுதான் உங்களை அதிகம் களைக்கச் செய்யும்.

வன்னியில் உதவி இல்லாமலில்லை. ஒரே இடத்தில் இல்லை. 60 வயதானோருக்கான முதியோர் அடையாள அட்டைக்கும் மாற்றுத்திறனாளி உதவிக்கும் பிரதேச செயலகம். அங்கே சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள். அதற்கு முன் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல். மருந்துக்கு ஆஸ்பத்திரி கிளினிக். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவர் நீங்கள் மட்டுமே.

நம்மவர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்று, பின்னர் நீராவிப்பிட்டி போன்ற ஊர்களுக்குத் திரும்பிய குடும்பங்கள் சிலவற்றில் உம்மா இங்கே, பதிவு அங்கே! முதலில் பதிவை உம்மா இருக்கும் ஊருக்கு மாற்றுங்கள்.

பிறகு ஒரு கொப்பி வாங்குங்கள். போன திகதி, சந்தித்த உத்தியோகத்தர், அவர் சொன்ன பதில், அடுத்த கிளினிக் நாள் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பீர்களே, அந்த நேரத்தையும் குறியுங்கள். இரவு முறை கணவருக்கு. பெற்ற உம்மாவைப் புரட்டிவிட அவருக்கும் கை இருக்கிறதே!

முள்ளந்தண்டு பாதிப்பென்றால் மாங்குளத்தில் ‘உயிரிழை’யை விசாரியுங்கள். அவ்வாறு பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து அமைத்தது அது. படுக்கைப் புண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. போகும்போது கொப்பியையும் கொண்டு போங்கள்.