பெயர் தெரிந்தால் வடிவம் தெரிந்துவிடுமா?

"எங்க பாப்பா மூணு வயசுலயே ஹெக்ஸகன் சொல்லுவா" என்று பெருமைப்படும் பெற்றோர்களே, ஒரு சின்ன பரீட்சை வையுங்கள். சதுர அட்டை ஒன்றை முனையில் நிற்கிற மாதிரி திருப்பிக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். "டைமண்ட்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பக்கமும் மாறவில்லை, மூலையும் மாறவில்லை. சதுரம் மட்டும் எங்கே போச்சு?

பிள்ளை மேல் தப்பில்லை. நாம் சுவரில் ஒட்டிய சார்ட்டில் சதுரம் எப்போதும் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை அந்தப் படத்தை மனப்பாடம் செய்தது, அவ்வளவுதான். நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதி 1957லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: முதலில் மொத்தத் தோற்றம், அப்புறம்தான் பக்கம், கோணம் எல்லாம். அடுத்த படிக்கு ஏற வயசு மட்டும் போதாது, சொல்லித்தரும் விதமும் வேண்டும்.

தமிழில் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். பாதி உண்மை. முக்கோணம் என்ற சொல்லிலேயே மூன்று கோணம் இருக்கிறது. ஆனால் சாய்சதுரம்? சாய்த்து வைத்த சதுரம் என்றுதானே பிள்ளை நினைக்கும்!

அதனால் குச்சியைக் கையில் கொடுங்கள். ஒரே நீளத்தில் நாலு குச்சி, மூலைக்கு மூலை களிமண் உருண்டை. (அரவிந்த் குப்தா 1970களில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்துச் செய்து காட்டியதுதான்.) சதுரத்தை முழுசாகத் திருப்பினால் சதுரமேதான். ஒரு மூலையைத் தள்ளினால் பக்கம் அதே, கோணம் மாறிப்போச்சு. அதுதான் சாய்சதுரம். மூன்று குச்சியில் செய்து தள்ளச் சொல்லுங்கள், முக்கோணம் சாயாது. மின்கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணம் என்று அப்போது தானாகப் புரியும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பள்ளிக்கூட சமாச்சாரம்" என்பவர்களுக்கு ஒன்று. எனக்குச் சொந்த ஊர் பங்காருபாளையம். அதே அன்றைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில், அட்டைகளையும் பொருள்களையும் வைத்துப் பிள்ளைகள் தானே கற்கும் முறை 1980களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கியது. அங்கிருந்து கற்றுத்தான் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007ல் தமிழகம் முழுக்கப் போனது. கூலிக்காரர் பிள்ளைக்குக் கிடைத்ததை நம் பிள்ளைக்குக் கொடுக்காமல், டாலர் கொடுத்து சார்ட் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த சனிக்கிழமை "இது பேர் என்ன?" என்று கேட்காதீர்கள். "அது சதுரம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.