கோப்பை வந்தது, வேலை எங்கே?

2025 நவம்பர் 23ந் தேதி கொழும்பு நகரில், பார்வையற்ற பெண்களுக்கான முதலாவது 20 ஓவர் உலகக் கோப்பையை இந்திய அணி வென்றது. இறுதி ஆட்டத்தில் நேபாளம் 7 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அணித் தலைவி தீபிகா கர்நாடகத்து விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பெண்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு நின்றுவிட நாம் தயாராக இல்லை.

கண் தெரியாதவர் கிரிக்கெட் ஆடுவதா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நெய்வேலிச் சுரங்கத் தோழர்களே, நெல்லிக்குப்பம் கரும்பாலைத் தோழர்களே! இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் சீமான்கள் அல்ல. 1922ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆலை வேலை செய்த பார்வையற்ற தொழிலாளிகள் இரண்டு பேர். ஒரு தகர டப்பாவில் கற்களைப் போட்டு உருட்டினார்கள். சத்தம் வந்த திசையைப் பார்த்து அடித்தார்கள். ஆட்டம் பிறந்தது.

இன்று டப்பாவுக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் பந்து. உள்ளே பேரிங் குண்டுகள் கலகலக்கும். பந்தைத் தோளுக்கு மேலே சுழற்றி வீசக் கூடாது. கையைத் தாழ்த்தி உருட்டி விட வேண்டும். "தயாரா?" என்று கேட்டு, மட்டை பிடிப்பவர் ஆமென்ற பிறகுதான் பந்து புறப்படும். பதினொரு பேரில் நான்கு பேராவது முழுக்கப் பார்வை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். தரையில் ஒரு முறை எகிறிய பந்தை அவர்கள் பிடித்தாலும் 'அவுட்'தான். இதைச் சலுகை என்று சொல்பவர், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பந்தைப் பிடித்துக் காட்டட்டும்!

இந்த ஆட்டத்தில் இந்தியா சாமானியப்பட்ட நாடல்ல. 1998ல் முதல் உலகக் கோப்பை டில்லியில் நடந்தது. 2002ல் இரண்டாவது, நமது சென்னையில் நடந்தது. 2014லும் 2018லும் கோப்பை நமக்கே வந்தது. 20 ஓவர் கோப்பையோ 2012, 2017, 2022 என்று மூன்று முறை வந்தது. அணித் தலைவராயிருந்த சேகர் நாயக்குக்கு 2017ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்லது.

ஆனால் 2018ல் வென்ற அணியில் ஆடிய நரேஷ் தும்டா எங்கே போனார்? 2021ல் குஜராத்தின் நவ்சாரியில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். நாளொன்றுக்கு 250 ரூபாய்! முதலமைச்சரிடம் மூன்று முறை வேலை கேட்டும் பதிலில்லை என்று அவரே பத்திரிகைகளிடம் சொன்னார். அதற்கு அடுத்த வருஷம்தான் ஐ.பி.எல். ஆட்டங்களை ஐந்து வருஷத்துக்கு ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலை போயிற்று. கிரிக்கெட்டில் பணமில்லை என்று யார் சொன்னது?

கண் போவது நமக்கு யாரோ ஒருவர் வீட்டுக் கதையல்ல. கரும்புச் சோகை கண்ணைக் கீறும். வெல்டிங் பொறி தெறிக்கும். 1923ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம் 2025 நவம்பரில் ரத்தாகும் வரை, ஒரு கண் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 40 சதவீதம் போயிற்று என்று கணக்கிட்டது. பார்வை தேவைப்படும் எந்த வேலையும் செய்ய முடியாதபடி இரண்டும் போனால் நூறு சதவீதம். அந்த நஷ்டஈட்டில் ஒரு காசும் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆனால் அது கூலிக்குப் போட்ட கணக்கு, ஆளுக்குப் போட்ட கணக்கல்ல. இதற்கு முந்தின வருஷமே மெல்போர்னில் தகர டப்பா உருண்டுவிட்டது.

2016ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? சர்க்கார் நிறுவனங்களில் 4 சதவீத வேலை அவர்களுக்கு. அதில் 1 சதவீதம் பார்வையற்றவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும். தகுந்த ஆள் கிடைக்கவில்லையென்றால் அந்த இடத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விளையாட்டில் பங்கு பெற வசதி செய்து தருவதும் சர்க்காரின் கடமை என்று அதே சட்டத்தின் 30வது பிரிவு கூறுகிறது. நெய்வேலி நிறுவனம் மத்திய சர்க்காருடையது. ஆகவே இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தும். தனியார் ஆலைகளுக்கு மட்டும் கட்டாயமில்லை, ஊக்கச் சலுகை காட்டி அழைப்பதோடு சரி. முதலாளியிடம் சட்டம் எப்போதும் இப்படித்தான் மரியாதையாகப் பேசும்!

நெய்வேலித் தொழிற்சங்கங்களுக்கு நமது யோசனை இது: அந்த 1 சதவீதத்தில் எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது, எத்தனை காலியாக இருக்கிறது என்ற பட்டியலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்த வேலையையும் சேர்த்துக் கேளுங்கள். டவுன்ஷிப்பில் மைதானங்கள் இருக்கின்றன; வாரத்தில் ஒரு நாள், ஒரு மைதானம், கடலூர் மாவட்டத்துப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு வேண்டும். ஊரிலிருந்து வந்து போகும் பஸ் செலவும் அதில் அடங்க வேண்டும். கூலிக்காரன் மகனுக்குப் பந்தைவிட பஸ் கட்டணமே பெரிய தடை.

ஆட்டம் பார்க்கப் போகும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து உருளும்போது கைதட்டாதீர்கள், சத்தம் போடாதீர்கள். குண்டுகளின் ஓசை காதில் விழுந்தால்தான் அவர்கள் அடிக்க முடியும். அடித்து முடித்த பிறகு தட்டுங்கள்.