சொந்தப் பணமா, தேர்தல் பணமா?

டொனால்டு ட்ரம்ப் மீதான நியூயார்க் வழக்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வருகிறது. ஒரு பெண்ணின் வாயை அடைக்கப் பணம் கொடுத்தார். பணமும் அவருடையது, விவகாரமும் அவருடையது. இதில் குற்றம் எங்கே வந்தது? விவரம் தெரிந்தவர்களே இப்படிக் கேட்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

பணம் அவருடையதுதானா? வேட்பாளர் தன் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் அந்தச் செலவைக் கணக்கில் காட்டியாக வேண்டும். இங்கேயோ, கைமாறிய நாளில் அது ட்ரம்பின் பணமே அல்ல. 2016 அக்டோபர் 27 அன்று, ட்ரம்புடன் உறவு இருந்ததாகச் சொன்ன நடிகை ஸ்டார்மி டேனியல்ஸுக்காக அனுப்பப்பட்ட 1,30,000 டாலரை, ட்ரம்பின் வழக்கறிஞர் மைக்கேல் கோஹன் தன் வீட்டின் பேரில் கடன் எடுத்து, இதற்கென்றே தொடங்கிய ஒரு கம்பெனி மூலம் கொடுத்தார். அப்போது தனிநபர் ஒருவர் ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய உச்சவரம்பு 2,700 டாலர். அப்படியே சொன்ன இன்னொரு பெண்ணான கேரன் மெக்டூகலுக்குப் போன 1,50,000 டாலர், நேஷனல் என்குவயரர் இதழை நடத்திய நிறுவனம் கொடுத்தது. நிறுவனங்கள் வேட்பாளர்களுக்குப் பணம் தர 1907-லிருந்தே தடை இருக்கிறது.

அடுத்தது, இது குடும்ப மானத்தைக் காக்கக் கொடுத்த பணம் என்பது. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். தேர்தலில் நிற்காவிட்டாலும் செய்திருக்கக்கூடிய செலவு தேர்தல் செலவாகாது என்று சட்டமே சொல்கிறது. சரி, அப்படியே பார்ப்போம். டேனியல்ஸ் சொல்லும் உறவு 2006-இல் நடந்தது. ட்ரம்ப் அதை மறுக்கிறார். பத்தாண்டுகளாக யாரும் கொடுக்காத பணம், வாக்குப்பதிவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, பெண்களைப் பற்றி அவர் கேவலமாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியான அதே மாதத்தில் ஏன் போக வேண்டும்? மெக்டூகல் பணத்தின் நோக்கம் தேர்தலைப் பாதிப்பதே என்று அந்த இதழ் நிறுவனம் 2018-இல் அரசுத் தரப்பிடம் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது.

காதலியை மறைக்க ஆதரவாளர்கள் பணம் கொடுத்த வழக்கில், அதிபர் வேட்பாளராக இருந்த ஜான் எட்வர்ட்ஸ் தப்பினாரே என்பார்கள். 2012-இல் ஜூரி அவரை ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மற்ற ஐந்தில் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. இப்படிப் பணம் தருவது சட்டப்படி சரி என்று எந்த நீதிமன்றமும் அங்கே சொல்லவில்லை. வழக்கையே தள்ளுபடி செய்யக் கோரியதை நீதிபதி ஏற்கவுமில்லை.

ஒபாமாவை அபராதத்தோடு விட்டார்களே என்றும் கேட்பார்கள். ஒபாமா தரப்பு 2008 தேர்தலுக்காக 3,75,000 டாலர் அபராதம் கட்டியது உண்மை. கடைசி நாட்களில் வந்த நன்கொடைகளை உரிய நேரத்தில் தெரிவிக்காததற்கான அபராதம் அது. தெரிந்தே, வேண்டுமென்றே மீறினால்தான் சிறைத்தண்டனை வரை போகும். தாமதம் வேறு, மறைப்பு வேறு. ஆனால் 2016-இல் எதிராளியைப் பற்றித் துப்புத் திரட்டிய செலவைச் சட்டச் செலவு என்று காட்டியதற்காக ஹிலாரி கிளிண்டன் தரப்பும் 2022-இல் அபராதம் கட்டியது. அதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன்.

"வெறும் கணக்கு எழுதிய விவகாரம்" என்பதுதான் எனக்கு மிகவும் பொறுக்காத வாதம். அந்தக் கணக்கைப் பாருங்கள். கோஹன் கொடுத்தது 1,30,000. அதோடு வேறொரு பாக்கி 50,000 சேர்ந்தது. மொத்தத்தை இரட்டிப்பாக்கி, மேலே 60,000 போனஸ் வைத்து, 4,20,000 டாலராக்கி, மாதம் 35,000 வீதம் திருப்பித் தந்தார்கள். கைக்காசைத் திருப்பித் தரும்போது யாராவது இரட்டிப்பாக்குவார்களா? சம்பளம்போல் காட்டினால் கோஹன் வருமான வரி கட்ட வேண்டிவரும். அந்த வரிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். கோஹனின் வங்கி அறிக்கை மேல் ட்ரம்ப் நிறுவனத்தின் நிதி அதிகாரி கைப்பட எழுதிய இந்தக் கூட்டலை ஜூரி கண்ணால் பார்த்தது. புத்தகத்தில் ஏறியதோ "சட்டச் செலவு". பில், காசோலை, பேரேட்டுப் பதிவு ஆகியவற்றில் பொய் எழுதியதாகச் சுமத்தப்பட்ட 34 குற்றச்சாட்டுகளிலும் 2024 மே 30 அன்று ட்ரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பானது.

கூட்டாட்சி அரசு ட்ரம்ப் மீது வழக்குப் போடவில்லை. தேர்தல் ஆணையம் 2021-இல் இரண்டுக்கு இரண்டு என்று பிளவுபட்டு விசாரணையைக் கைவிட்டது. இவை உண்மை. ட்ரம்ப் மேல்முறையீடும் செய்திருக்கிறார். 2025 ஜனவரியில் தண்டனை எதுவும் விதிக்காமல் விட்டதைக் காட்டி, குற்றமே இல்லை என்பவர்கள் கோஹனை மறந்துவிடுகிறார்கள். டேனியல்ஸுக்கும் மெக்டூகலுக்கும் போன இதே இரண்டு தொகைகள் தொடர்பான தேர்தல் நிதிக் குற்றங்களை, வரி ஏய்ப்பு முதலிய மற்றவற்றோடு, நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அவர் மூன்றாண்டு சிறைத்தண்டனை பெற்றார்.